அனுப்பாத ஒலி

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் தாடையில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் அதே கோலத்தில்தான் இருந்தேன். ஒரே வலிக்காரர்களுக்குள் சீக்கிரம் பழக்கம் ஏற்பட்டுவிடும். என்ன வேலை என்று கேட்டேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஓட்டலிலா என்று கேட்க நாக்குவரை வந்தது. நல்லவேளை, பல்வலி வாயைத் திறக்கவிடவில்லை.

எழுதுகிறவன் என்று ஆகிவிட்டால் எதிரே அகப்பட்டவரிடம் ஒரு கனமான கேள்வியாவது கேட்டாக வேண்டும். "உங்க வேலையில ரொம்பப் பயமான விஷயம் எது?" என்றேன். எல்லாம் அணைந்துபோவது என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாம் நல்லா ஓடுறதுதான்," என்றாள். "ஓடவே கூடாத நேரத்துல."

உடனே அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போனவள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டாள் போலிருக்கிறது. திரும்பி வரவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது. எதையும் விசாரிக்காமல் எழுதுவதற்குப் பெயர் கற்பனை என்று எங்கள் தொழிலில் ஒரு மரியாதையான ஏற்பாடு இருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "நகரம் இருளில் மூழ்கியிருந்தது. எங்கோ ஒரு நாய்—"

வேண்டாம். இந்தக் கதை நடப்பது பட்டப்பகலில், குளிர்சாதன அறையில். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கொட்டாவி விடுகிற வேளை. நாயும் கிடையாது.

இரண்டாம் முயற்சி: "பாதுகாப்பான இணைப்பு என்பது யாதெனில்—"

இதற்கு நாயே தேவலை.

மூன்றாம் முயற்சி: "அவளுடைய தம்பியின் நெஞ்சுக்குள் ஒரு குழாய் போகிறது."

இது இருக்கட்டும். இந்தக் கதையில் மற்ற எல்லாம் பொய்யானாலும் இந்தக் குழாயை விடப்போவதில்லை.

தம்பியின் இதயம் பலவீனமானது. இடுப்புப் பட்டையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பம்ப் மாட்டியிருக்கிறான். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தோளோரம் ஏறி, கழுத்தெலும்புக்குக் கீழே உடம்புக்குள் நுழைகிறது. அதன் வழியாக மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அளவு குறைந்தால் இதயம் மெல்லச் சோர்ந்துபோகும். கூடினால் தறிகெட்டு ஓடி நின்றுவிடும். எத்தனை சொட்டு என்பதை மருத்துவர் தன் அறையிலிருந்தே தீர்மானிக்கிறார். அவர் உத்தரவு ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. சர்வர் அதைத் தம்பியின் பம்புக்குச் சொல்கிறது.

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவள் அவள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சர்வரக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஏதாவது உடைந்தால் எல்லோருக்கும் அவள் அக்காதான். உடையாத நாட்களில் அவளை லிஃப்டில் பார்த்தால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: தாண்டாதீர்கள். பயம் இங்கேதான் புதைந்திருக்கிறது. சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.)

பம்பும் சர்வரும் முன்பின் பார்த்துக்கொள்ளாத இரண்டு சந்தேகப் பிராணிகள். பேசத் தொடங்குமுன் பம்ப் கேட்கும்: "நீதான் அந்த சர்வர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" சர்வர் தன் சான்றிதழைக் காட்டும். பிறகு சர்வர் கேட்கும்: "நீ இன்னாருடைய பம்ப்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" பம்ப் தன்னுடையதைக் காட்டும். இரண்டிலும் இருவருக்கும் தெரிந்த ஒரு பெரியவரின் கையெழுத்து இருக்க வேண்டும். பெரியவர் நேரடியாகப் போடமாட்டார். நடுவில் ஓர் ஆளை வைத்திருப்பார். அந்த நடு ஆளுக்கு அவர் போட்டுத்தருவார், நடு ஆள் மற்றவர்களுக்குப் போட்டுத்தருவார். எல்லாம் பொருந்தினால் பேச்சு. ஒன்று இடித்தாலும் கதவு சாத்தப்படும்.

சாதாரணமாக நம் கைப்பேசி வங்கியின் அடையாளத்தைப் பார்க்கும், வங்கியின் கணினி கைப்பேசியிடம் இப்படிக் கேட்காது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இரண்டு பக்கமும் கேட்டாக வேண்டும். அவ்வளவுதான். பார்த்தீர்களா, வலிக்கவே இல்லை.

4

அன்று காலை சர்வருக்குப் புதிய சான்றிதழ் போட்டார்கள். போட்ட கையோடு பம்புகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பெரிய திரையில் நோயாளிகளின் பெயர்கள் வரிசையாகச் சிவந்தன. தம்பியின் பெயரும் சிவந்தது.

சர்வரக்காவுக்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. புதிய ஏற்பாட்டில் அந்த நடு ஆளின் சான்றிதழ் விட்டுப்போயிருந்தது. அவர் இல்லாததால் பம்புகளுக்கு சர்வரைத் தெரியவில்லை, சர்வருக்கும் பம்புகளைத் தெரியவில்லை. அதைத் தர வேண்டிய நிறுவனத்துக்கு எழுதியாகிவிட்டது. மாலைக்குள் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள்.

அதுவரை ஆபத்தும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தொடர்பு அறுந்தாலும் பம்ப் தனக்குக் கடைசியாகச் சொல்லப்பட்ட அளவிலேயே சொட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு என்றால் "பேசவில்லை" என்றுதான் பொருள், "சாகிறான்" என்று இல்லை.

இதை அவள் போய்ச் சொன்னது நம்பிக்கைத் தலைவரிடம்.

(அடிக்குறிப்பு: இது பட்டப்பெயர் அல்ல, பதவி. 'நம்பிக்கைத் துறைத் தலைவர்' என்று அவர் அறைக்கதவில் பித்தளையில் பொறித்திருந்தது. அவருடைய காபிக் கோப்பையில் 'நம்பிக்கையே மூச்சு' என்று எழுதியிருந்தது. அலுவலகம் முழுவதற்கும் அதே கோப்பைதான். கழுவக் கழுவ முதல் சொல் அழிந்து, பலரும் வெறும் 'மூச்சு'டன் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.)

"மத்தியானம் யார் வர்றாங்க தெரியுமில்ல?" என்றார் தலைவர். அந்த ஆண்டின் மிக நம்பகமான நிறுவனம் என்ற விருதைத் தருவதற்காக ஒரு குழு வரவிருந்தது. "அவங்க இந்தத் திரை முன்னாடி நின்னுதான் போட்டோ எடுக்கப்போறாங்க. இப்படி ரத்தக்களறியா இருந்தா எப்படிம்மா?"

"பம்ப் எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு சார். சாயந்தரம் பச்சை ஆயிடும்."

"சாயந்தரம் பச்சையானா என்ன, மஞ்சளானா என்ன? எனக்கு ரெண்டு மணிக்கு வேணும். ஏதாவது தற்காலிகமா…" அந்தச் சொல்லை அவர் இருமல் மருந்தை விழுங்குவதுபோல் மெதுவாக விழுங்கினார்.

தற்காலிகமாக ஒரு வழி உண்டு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும். தெரியாததுபோல் நடிப்பதுதான் அனுபவம். சர்வரிடம் "யார் வந்தாலும் அத்தாட்சி கேட்காதே" என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். பம்புகளிடம் அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் அவற்றை மாட்டியிருக்கிற மனிதர்களிடம் சொல்லலாம். சர்வரை அடையாளம் தெரியாதபோது பம்பின் சின்னத் திரை "தொடரலாமா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்தினால் போதும். அதற்குப் பிறகு அது யாரையும் சந்தேகிக்காது.

"அதைச் செஞ்சா ரெண்டு பக்கமும் கதவே இல்லாத மாதிரி சார். நடுவுல யாரு வந்து உட்கார்ந்தாலும் தெரியாது."

"யாரும்மா வரப்போறா? அரை நாள்தானே?"

5

இங்கே எழுதுவதை நிறுத்தி நம்பிக்கைத் தலைவரைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு சௌகரியமான முட்டாள் ஒருவர் கதைக்குள் நுழைந்தால், அவரை நான் விசாரிக்காமல் உள்ளே விட்டுவிட்டேன் என்றுதான் பொருள். உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

ஆகவே அவருக்கு ஒரு நியாயம் தேடினேன். இதோ: முந்தைய வேலையில் அவர் ஒரு சிவப்புத் திரைக்காகத்தான் வெளியே அனுப்பப்பட்டார். அன்றிலிருந்து எங்கே சிவப்பைப் பார்த்தாலும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதுகூட. மனைவியிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த அம்மாள் சிரித்திருப்பாள்.

இப்போது அவரும் பயந்த மனிதர். பயந்தவர்களை வெறுப்பது கடினம், அவர்களை நம்புவது அதைவிடக் கடினம்.

சர்வரக்காவையும் கேள்வி கேட்க வேண்டும், நியாயம் என்றால் நியாயம். தெரிந்தும் ஏன் செய்தாள்? தலைவர் சொன்னதால் மட்டுமா? அந்தப் பெரிய திரையில் தம்பியின் பெயர் சிவந்திருந்தது. ஆபத்தில்லை என்று அவளுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவளே அவள்தான். ஆனாலும் காலையிலிருந்து அவள் கண் திரும்பத் திரும்ப அந்தப் பெயரிடமே போனது. அது பச்சையாகிவிட்டால் தேவலை என்று அவளும் நினைத்தாள். அந்த நினைப்பு இருக்கும்போதுதான் கை அந்த ஒரு வரியை எழுதியது.

நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி போனது. *உங்கள் பம்ப் தொடரலாமா என்று கேட்டால் 'ஆம்' என்று அழுத்தவும். உங்கள் நலமே எங்கள் நம்பிக்கை.* தம்பிக்கு அவளே சர்வர் அறையிலிருந்த மேசைத் தொலைபேசியில் பேசினாள். கைப்பேசியை அந்த அறைக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலில் காவலர் வாங்கிச் சின்னப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார். அந்த நிறுவனத்தில் ஒழுங்காக நடந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

"அமுக்கிட்டேன்க்கா," என்றான் தம்பி. "நீ சொன்னா மாடியிலேர்ந்தே குதிப்பேன், ஒரு பட்டனை அமுக்கமாட்டேனா?"

"வாயைக் கழுவு."

"காலையிலேயே பல் தேய்ச்சிட்டேன்."

பெயர்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. தம்பியின் பெயரும். தலைவர் கைதட்டினார். அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

6

விருதுக் குழு வந்தது. போட்டோ எடுத்தார்கள். பிறகு எல்லோரும் உரை கேட்க மாடிக்குப் போனார்கள். அறையில் அவளும் குளிர்சாதன இயந்திரமும் மட்டும் மிச்சம்.

திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பியின் பெயர் இரண்டு தரம் இருந்தது.

ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டும் பச்சை. இரண்டும் அதே பம்ப் எண், அதே அளவு, அதே இதயத் துடிப்பு. ஒன்றில் துடிப்பு ஏறினால் அடுத்ததிலும் ஏறியது. இறங்கினால் இறங்கியது.

பதறாதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். இதற்குச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. வீட்டு இணையம் ஒரு கணம் அறுந்து மறுபடி வந்தால் பழைய இணைப்பு சாகாமல் கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். புதியது பக்கத்தில் வந்து நிற்கும். ஆனால் செத்த இணைப்பின் எண்கள் மாறாது. இங்கே இரண்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

தொலைபேசியை எடுத்தாள்.

"என்னடா பண்ற?"

"சோபால படுத்து விட்டத்தை எண்றேன். ஒண்ணுதான் இருக்கு."

"உன் பம்ப் பக்கத்துல வச்சுக்கோ. நான் அதைக் கத்தவிடப் போறேன். கேட்டா சொல்லு."

பம்ப் எங்கேயாவது போர்வைக்குள் தொலைந்துவிட்டால் தேடுவதற்காக சர்வரிலிருந்து அதை ஒலிக்கவைக்க முடியும். கீச்சென்று பறவை மாதிரி ஒரு சத்தம். முதல் இணைப்புக்கு அந்த உத்தரவை அனுப்பினாள். உடனே பதில் வந்தது: *ஒலித்தேன்.*

"கேட்டுச்சா?"

"என்ன கேட்கணும்?"

"பம்ப் கத்தலையா?"

"அது கல்லு மாதிரி கிடக்கு."

சரி, அப்படியானால் முதலாவது போலி. இரண்டாவதுதான் தம்பி. இரண்டாவதுக்கு அனுப்பினாள். *ஒலித்தேன்* என்று அதுவும் சொன்னது.

"இப்ப?"

"இல்லக்கா. காதுல ஏதாவது கோளாறா எனக்கு?"

அவள் ரிசீவரை மாற்றிப் பிடித்தாள். இரண்டுமே தம்பி இல்லை. இரண்டு பேர் அவன் பெயரில் வந்து உட்கார்ந்து, அவன் துடிப்பைச் சொல்லி, அவனைப்போலவே பதில் கூறிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியானால் தம்பியின் பம்ப் இப்போது யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறது?

"ஆங், இப்ப கத்துது," என்றான் தம்பி. ரிசீவருக்குள் கீச்சென்ற அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. "கேட்டாச்சு கேட்டாச்சு. நிறுத்துக்கா."

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். அது விசைப்பலகையிலிருந்து விலகி மேசையின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

7

அந்த ஒலியை நான் எழுதவில்லை.

இப்படிச் சொல்வது எங்கள் தொழிலில் பழைய வித்தை என்பது எனக்குத் தெரியும். பாத்திரங்கள் தம் இஷ்டத்துக்கு நடந்துகொள்கின்றன என்று மேடையில் உருகிச் சொன்னால் கூட்டம் 'அடடா' என்னும். நானும் உருகியிருக்கிறேன். அது வேறு. இது வேறு.

என் திட்டப்படி இரண்டாவது இணைப்புதான் தம்பி. அவன் "கேட்டுச்சு" என்பான், அவள் முதலாவதைத் துண்டிப்பாள், பெருமூச்சு, தலைவருக்கு ஒரு குத்து, முற்றும். ஆனால் எழுதிக்கொண்டு வரும்போது தம்பி "இல்லக்கா" என்று சொல்லிவிட்டான். அதையாவது என் விரல் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வரிக்கு முன் தேநீர் கொண்டுவர எழுந்து போனேன். திரும்பி வந்தபோது பம்ப் கத்திக்கொண்டிருந்தது.

(இந்தப் பத்தியை நீக்க வேண்டும். பயமுறுத்தும் ஆசையில் எழுதியதுபோல் இருக்கிறது. நாளைக்கு நீக்கிவிடுகிறேன்.)

(நீக்கவில்லை.)

8

"அக்கா, திரையில ஏதோ வந்திருக்கு," என்றான் தம்பி. "'புதிய அளவு. ஏற்கிறீர்களா?'ன்னு கேட்குது. நீ அனுப்பினியா?"

"எவ்வளவு போட்டிருக்கு?"

அவன் படித்தான். வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு.

"தொடாத. எதையும் தொடாத."

"தொடலைன்னா அதுவே கொஞ்ச நேரத்துல ஏத்துக்கும்னு கீழ போட்டிருக்கே."

(அடிக்குறிப்பு: நோயாளி தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று ஒரு கூட்டத்தில் கேள்வி வந்தது. பதில் வராவிட்டால் சம்மதம் என்று வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முடிவு ஒருமனதாக நிறைவேறியது.)

"'இல்லை'ன்னு அமுக்கட்டுமா?"

"வேணாம்டா. இல்லைன்னா அது திரும்ப சர்வர்கிட்டதான் கேட்கும்."

"கேட்கட்டுமே. நீதானே சர்வர்?"

"இப்ப நான் இல்ல," என்றாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். "என்னக்கா பயமுறுத்துற."

"கேளு. குழாயில வெள்ளையா ஒரு கிளிப் இருக்கும் பாரு, கழுத்துக்குக் கீழ. அதை அழுத்தி மூடு. மருந்து நிக்கும். கொஞ்ச நேரம் நின்னா ஒண்ணும் ஆகாது. மூடிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணு, வண்டி அனுப்பச் சொல்லு."

"மருந்தை நிறுத்தச் சொல்றியா? டாக்டர் எந்தக் காலத்துலயும் நிறுத்தக் கூடாதுன்னு…"

"டாக்டர் சொன்னது வேற. மூடுடா."

"இரு இரு. மெசேஜ் வந்திருக்கு. உங்க ஆபீஸ்லேர்ந்துதான்."

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. தம்பியிடம் பேசுவதற்கு முன்னால், இரட்டைப் பெயரைப் பார்த்த கையோடு, அவள் மாடிக்கு உள்ளிணைப்பில் தலைவரை அழைத்திருந்தாள். (ஆறாம் பகுதியில் இதைச் சொல்ல விட்டுவிட்டேன், இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.) "சார், உள்ள யாரோ இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் உரையின் நடுவில் இருந்தார். உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். குழுவின் முன்னிலையிலேயே, பாதுகாப்பு விஷயத்தில் தாம் எவ்வளவு விழிப்பு என்பதைக் காட்டும் விதமாக, எல்லா நோயாளிகளுக்கும் ஒரு செய்தி அனுப்ப உத்தரவிட்டார். குழு கைதட்டியது.

தம்பி சத்தமாகப் படித்தான்: "'எச்சரிக்கை. எங்கள் எண்ணிலிருந்து பேசுவதுபோல் சிலர் ஏமாற்றக்கூடும். தெரிந்தவர்களின் குரலையும் போலியாக உருவாக்குகிறார்கள். யார் சொன்னாலும் மருந்தை நிறுத்த வேண்டாம். உங்கள் நலமே எங்கள் நம்பிக்கை.'"

குளிர்சாதன இயந்திரம் ஒரு பெருமூச்சு விட்டு மறுபடி ஓடத் தொடங்கியது.

"அக்கா," என்றான். "நீ எந்த நம்பர்லேர்ந்து பேசுற?"

"ஆபீஸ் நம்பர். என் போனை வாசல்ல வாங்கி வச்சுக்கிட்டான்டா. டேய், என் குரல் தெரியலையா உனக்கு?"

"குரலைத்தான் செய்றாங்களாமே." அவன் இன்னும் பாதி விளையாட்டாகத்தான் பேசினான். "சரி, ஒரு டெஸ்ட். நம்ம 'மேனேஜரு'க்கு எந்தக் கண்ணு போச்சு?"

9

மேனேஜர் என்பது அவர்கள் வீட்டில் முன்பு இருந்த பூனை. நாள் முழுக்கத் தூங்கும், சாப்பாட்டு நேரத்தில் எழுந்து மேற்பார்வை பார்க்கும், அதனால் அந்தப் பெயர். சண்டையில் ஒரு கண் போய்விட்டது. வலது கண் என்று தம்பி சொல்வான். இடது என்று அவள் சொல்வாள். பூனை செத்த பிறகும் இந்த வழக்கு சாகவில்லை. சாப்பாட்டு மேசையில், கார்ப் பயணத்தில், ஒருமுறை மருத்துவமனையில் அவனுக்குக் குழாய் பொருத்திய அன்று மயக்க மருந்து ஏறுகிற நேரத்தில்கூட, "வலதுக்கா" என்று முனகினான். "இடதுடா, பேசாம தூங்கு" என்றாள் அவள். அவள் எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள். சொத்தில் கொடுத்தாள், ஜன்னலோர இருக்கையில் கொடுத்தாள். பூனையில் கொடுத்ததே இல்லை.

இப்போது ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் இடுப்பில் அந்தச் சின்னத் திரை கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் வராவிட்டால் சம்மதம். அவனுக்கு எப்படியாவது நம்பிக்கை வர வேண்டும். அவன் எதை உண்மை என்று நினைக்கிறானோ அதைச் சொல்லிவிட்டால் நம்பிவிடுவான். பூனை போகட்டும். பூனை யாருக்கு வேண்டும்?

நான் "இடது" என்றுதான் எழுதப்போனேன்.

"வலது," என்றாள். "வலது கண்ணுடா. நீ சொன்னதுதான் சரி. தயவுசெஞ்சு கிளிப்பை மூடு."

அவன் மூச்சில் விளையாட்டு வற்றிப்போவதை அவள் கேட்டாள்.

"எங்க அக்கா," என்றான் தம்பி, யாரோ அந்நியரிடம் பேசும் மரியாதையோடு, "செத்தாலும் வலதுன்னு சொல்ல மாட்டாங்க."

"டேய், இல்லடா, இடதுதான், நான் வந்து…"

"வைங்க."

வைத்துவிட்டான்.

10

அவள் உடனே மறுபடி அழைத்தாள். இணைப்பு வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. அவன் அவளுடைய கைப்பேசியைத்தான் அழைத்துக்கொண்டிருந்தான், உண்மையான அக்காவைத் தேடி. அது வாசலில் காவலரின் பெட்டிக்குள் பூட்டியபடி அடித்துக்கொண்டிருந்தது. பூட்டிய பெட்டியைத் தொடுவது காவலரின் விதிகளில் இல்லை. அவள் இங்கிருந்து அவனை அழைக்க, அவன் அங்கிருந்து அவளை அழைக்க, அவளுக்கு வேறு அழைப்பில் என்றும் அவனுக்கு யாரும் எடுக்கவில்லை என்றும் சொல்லப்பட்டது.

முடிவு ஒன்று: அவள் ஓடுகிறாள். வாசலில் காவலர், "உங்களைத் தெரியாதாம்மா எனக்கு? ஆனா கார்டைக் காட்டினாதான் போனைத் தரமுடியும்" என்கிறார். கார்டு உள்ளே மேசையில். அவள் திரும்பி—

இது மிகவும் பொருத்தமாக இருக்கிறது. பொருத்தமான முடிவுகளைக் கண்டால் எனக்கு இப்போது பயம். விட்டுவிடுகிறேன்.

முடிவு இரண்டு: நம்பிக்கைத் தலைவர் விருதை வைத்துவிட்டு மாடியிலிருந்து இறங்கி வருகிறார், மனம் திருந்தி, கண்ணீர்—

அவர் இறங்கவில்லை. சிற்றுண்டி பரிமாறத் தொடங்கியிருந்தார்கள்.

முடிவு மூன்று: "தம்பி கொஞ்சம் யோசித்தான். பிறகு குழாயில் இருந்த வெள்ளைக் கிளிப்பை அழுத்தி மூடினான்."

எழுதிவிட்டேன். முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டேன். நிம்மதியாக எழுந்து விளக்கை அணைக்க வேண்டியதுதான். ஆனால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. என் தாளில் "மூடினான்" என்று இருக்கிறது. அவள் திரையில் "ஒலித்தேன்" என்று இருந்ததே, அதுபோல. அது வந்தபோது தம்பி வீட்டில் என்ன கேட்டது? ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதும் வாக்கியம் அந்த சோபாவரை போய்ச் சேர்கிறதா, நடுவில் வேறு யாராவது வாங்கிவைத்துக்கொண்டு "ஆயிற்று, ஆயிற்று" என்று எனக்குப் பதில் அனுப்புகிறார்களா? தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. அந்த ஒலியை எழுதியது யார் என்றே இன்னும் தெரியவில்லையே. அவரும் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறார். அவருக்கும் அடுத்த வரி எழுதத் தெரியும்.

மேலும், தம்பி என்னை நம்பமாட்டான். அவள் வாயில் "வலது" என்ற சொல்லை வைத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்தால், ஒருபோதும் மாட்டான்.

உங்களிடம் அந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் இதுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் இப்போது சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு கையில் கைப்பேசியும் மறு கையில் பம்புமாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. அக்காவின் எண் எடுக்கவில்லை. அழைப்பை முடித்துவிட்டான். ஆக, இந்த நிமிடம் அவன் இணைப்பு காலியாக இருக்கிறது.

பேசுங்கள். கிளிப்பை மூடச் சொல்லுங்கள். பூனையைப் பற்றிக் கேட்பான். இடது என்று சொல்லுங்கள். கோபப்படுவான், கெஞ்சுவான், குரல் உடையும். மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.